சுங்கை சிப்புட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடை: இரண்டரை ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் பழைய கடைவரிசையொன்றின் கடைசியில், வானொலி, தொலைக்காட்சி, காற்றாடி, ரைஸ் குக்கர் முதலிய வீட்டு மின்பொருள்களைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளில் ஆறு பொருள்களை அங்கே கொண்டுபோயிருக்கிறேன். நான்கு சரியாகி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று அவரே திருப்பி அனுப்பினார். ஒன்று இன்னும் அவருடைய மேசையில் இருக்கிறது. கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டபோது, தனியாளாக வேலை செய்பவரிடம் ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பொருள்கள் வந்து குவிந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை தள்ளிப்போகும் என்று அவர் சொன்னார். அது நியாயமான கவலை. ஊரில் இருப்பவர்களுக்கு நான் எந்தக் கடையைச் சொல்கிறேன் என்பது அடுத்த பத்தியிலேயே விளங்கிவிடும்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். பக்கத்துத் தோட்டமொன்றின் ரப்பர் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது ஆலை மூடப்பட, அதுவரை மாலை நேரங்களில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் பொழுதுபோக்காகச் செய்துவந்த வானொலி வேலையையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தவர். பொருளைக் கொண்டுபோய் வைத்தவுடன் அவர் திருப்புளியை எடுப்பதில்லை. எப்போது நின்றது, அன்று இடி இடித்ததா, நிற்பதற்கு முன்பு ஏதாவது வாடை வந்ததா, சத்தம் மாறியதா, இதற்கு முன்பு வேறு யாராவது திறந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பள்ளிப் பயிற்சிப் புத்தகமொன்றில் எழுதிக்கொள்கிறார். அதன் பிறகு பிளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் பியூஸை மீட்டரில் வைத்துப் பார்க்கிறார். நம் நாட்டின் மூன்று முனை பிளக்குக்குள் பியூஸ் இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குப்பையில் போடவிருந்த தொலைக்காட்சியொன்று இந்தச் சோதனையிலேயே உயிர்பெற்றது. அதற்கு அவர் வாங்கிய தொகை ஒரு ரிங்கிட்.

நான் முதலில் கொண்டுபோனது அப்பாவின் வானொலி. 1984இல் அப்பா ஈப்போவில் வாங்கிய நேஷனல் பானசோனிக் கேசட் வானொலி அது. அப்போது எங்கள் தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து மாலையில் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரங்களில் ஆறு பெரிய பேட்டரிகளைப் போட்டுத்தான் பாட்டுக் கேட்க வேண்டும். லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியபோது கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு வந்த அப்பா, இந்த வானொலியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வானொலி 6 என்ற தமிழ் நிலையத்தின் பெயர் 2005இல் மின்னல் எஃப்எம் என்று மாறிய பிறகும் அவர் அதை ‘ஆறு’ என்றுதான் சொல்லுவார். எனக்கு இந்தப் பொருளின் மேல் இருந்த அக்கறைக்கு அவர்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலையின் தரத்தைப் பற்றி நான் எழுதுவது அந்தப் பாசத்தால் அல்ல.

வானொலியில் குறைகள் பல இருந்தன. கேசட் போட்டால் பாட்டு இழுத்துக்கொண்டே போய் நின்றுவிடும். ஒலியைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் கேட்கும். நிலையம் தேடும் குமிழ் சுற்றும், முள் நகராது. பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிந்திருந்தது. வேறு ஒரு பட்டணத்தில் காட்டியபோது மூடியைக்கூடத் திறக்காமல் ‘இதற்குப் பாகம் வராது’ என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடைக்காரர் பாகம் வருமா வராதா என்ற பேச்சையே எடுக்கவில்லை. எதெது கெட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எது தேவை என்று சொல்ல முடியும் என்றார், அப்பாவை அண்ணே என்றும் என்னை டீச்சர் என்றும் அழைத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது வானொலி திறந்த நிலையில் மேசையில் இருந்தது. கெட்டதை வாடிக்கையாளரின் கண்ணுக்குக் காட்டாமல் அவர் கையை வைப்பதில்லை. கேசட்டைச் சுற்றும் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் உருகிக் கறுப்புப் பிசினாகிச் சக்கரம் முழுவதும் அப்பியிருந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்த கேசட் கருவிகளில் இது மிகப் பரவலான நோய். வெப்பமும் ஈரமும் உள்ள நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் வந்துவிடுகிறது. முப்பத்தோராண்டுகள் பால்மரம் வெட்டிய அப்பா அந்தப் பிசினை விரலால் தொட்டு உருட்டிப் பார்த்து, “இது ஒட்டுப்பால் மாதிரி ஆயிடுச்சே தம்பி” என்றார். அந்தப் பிசினைத் துடைத்தெடுப்பதற்கே இரண்டு மணி நேரமாகும் என்று கடைக்காரர் சொன்னார். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும், ஒரு துளி பிசின் மிஞ்சினாலும் புதிய பெல்ட் வழுக்கும், அப்புறம் வேகம் ஒரே சீராக இருக்காது என்பது அவருடைய விளக்கம்.

பெல்ட்டின் அளவை அவர் கண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பழையது உருகிவிட்டதால் அளக்க ஒன்றுமில்லை. ஆகவே ஒரு நூலைச் சக்கரங்களைச் சுற்றி இழுத்துப் பிடித்து அதன் நீளத்தை அளந்து, அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, அந்தச் சுற்றளவுள்ள சதுர வெட்டுப் பெல்ட்டை வரவழைத்தார். இறுக்கம் அதிகமானால் மோட்டாரின் அச்சு தேயும், குறைந்தால் பாட்டு அலையும். பெல்ட் போட்ட பிறகு வேகத்தைச் சரிசெய்தார். கேசட் நாடா ஒரு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இந்த வகைக் கேசட்டை வெளியிட்டதிலிருந்து இதுவே அளவு. அதை அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாது என்பதால், 3000 ஹெர்ட்ஸ் ஒலியைச் சீராகப் பதிந்த கேசட் ஒன்றை வைத்திருக்கிறார். அதைப் போட்டுவிட்டுக் கைப்பேசியின் செயலியில் எண்ணைப் பார்க்கிறார். முதலில் 2860 என்று காட்டியது. மோட்டாரின் பின்புறம் இருக்கும் ஊசித்துளை போன்ற ஓட்டைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் திருப்புளியை விட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 3000க்குக் கொண்டுவந்தார். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் பாட்டு ஓடியிருக்கும். ஆனால் பாடுபவரின் குரல் சற்றுக் கனத்து, தாளம் தளர்ந்து கேட்டிருக்கும், எங்களுக்கும் அது ஏன் என்று தெரிந்திருக்காது.

மற்றவற்றை விரைவாகவே முடித்தார். முள் நகராததற்குக் காரணம் உள்ளே ஓடும் நூல் அறுந்திருந்தது. அதைத் தூண்டில் நரம்பால் புதிதாகக் கோத்தார். குமிழ்களுக்குள் தொடுபுள்ளிகளைச் சுத்தம் செய்யும் திரவத்தை அடித்துப் பல முறை திருப்பினார். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம் என்பதால் அந்த உப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, தண்ணீரால் ஒற்றி, உலர்த்தி, அரித்துப்போன ஒரு தகட்டை மட்டும் மாற்றினார். எல்லாம் சேர்த்து 70 ரிங்கிட் வாங்கினார். வேலை முடிய ஐந்து வாரமாயிற்று. இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு அப்பா அதைத் திருகும்போது ஒரு கரகரப்பும் இல்லை.

ஐந்து வாரத்தில் பாதி, பெல்ட்டுக்காகக் காத்திருந்த காலம். உதிரிப் பாகங்களை இவர் இரண்டு மாதத்துக்கொரு முறை கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கி வருகிறார். அந்தச் சாலை மின்னணுப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. இணையச் சந்தையில் விலை குறைவுதானே என்று கேட்டதற்கு, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகமொன்றைக் கத்தரித்துக் காட்டினார். பெரிய உறையின் உள்ளே சின்னஞ்சிறிய கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து மூடி, வெளியே பெரிய எண்ணை அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஒன்றைத் தொலைக்காட்சிக்குள் போட்டால் சில வாரங்களில் வீங்கி வெடிக்கும். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. வாங்கும்போதே முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பிலிருந்து அவர்கள் விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பொருளுக்கு அந்தச் சட்டம் துணைக்கு வராது. அங்கே துணைக்கு வருவது நூலைச் சுற்றி அளக்கத் தெரிந்த ஒருவர்தான்.

அடுத்தது எங்கள் 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி. இதைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபர் மாத இறுதியோடு மலேசியா முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அந்த மாதங்களில் எங்கள் தாமானில் குப்பைத்தொட்டிகளின் அருகே நல்ல நிலையிலிருந்த தொலைக்காட்சிகள் வரிசையாகக் கிடந்தன. படம் வராததால் கெட்டுப்போய்விட்டன என்று நினைத்து வெளியே வைத்துவிட்டார்கள். உண்மையில் மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பை வாங்கும் சிறு பெட்டியொன்றை இணைத்து, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று கம்பிகளைப் பின்புறம் செருகினால் அந்தத் தொலைக்காட்சிகள் அத்தனையும் வேலை செய்திருக்கும். மஞ்சள் துளையில்லாத மிகப் பழையவற்றுக்கு இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும், அதுவும் கிடைக்கிறது. கடைக்காரர் அப்போது கடை வாசலில் அட்டையொன்றில் இதைத் தமிழிலும் மலாயிலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார். வரும் வேலையைக் குறைத்துக்கொள்ளும் அறிவிப்பை ஒரு பழுதுபார்ப்பவர் தாமே எழுதி மாட்டியிருந்ததுதான் இந்தக் கடையை நான் முதன்முதலில் கவனித்த காரணம்.

எங்கள் தொலைக்காட்சியின் குறை வேறு. சிவப்பு விளக்கு மினுக்கும், படம் வராது. மின்சாரம் நுழையும் பகுதியில் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தது. அவற்றில் எழுதியிருந்த வெப்ப அளவு 85 பாகை. அவர் போட்டவை 105 பாகை வகை. சில ரிங்கிட் கூடுதலாகும் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டியதை அப்படியே தருகிறேன். இவ்வகைக் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலர்கிறது. சூடு 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். 85 பாகையில் 2000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர் 65 பாகை சூடுள்ள பெட்டிக்குள் 8000 மணி நேரம் தாங்கும். அதே 2000 மணி நேரத்தை 105 பாகையில் தாங்குவது 32,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில் முன்னது நாலரை ஆண்டுக்குள் முடியும், பின்னது பதினேழு ஆண்டு தாண்டும். பழைய பாகத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதியது போடுவதையே சரியான வேலை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் இந்த வேலை முழுமையாக அமையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரத்தில் படம் மறைந்து திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றது. மீண்டும் தூக்கிக்கொண்டு போனோம். படத்தை மேலும் கீழும் விரிக்கும் சிப்பின் கால்களில் ஈயப் பற்று வளையம் வளையமாக வெடித்திருந்தது. தினமும் சூடாகிக் குளிர்வதால் பழைய தொலைக்காட்சிகளில் இந்த இடம் வெடிப்பது வழக்கம் என்றும், பெட்டியைத் திறந்திருந்தபோதே அந்தப் பற்றுகளைத் தாம் புதுப்பித்திருக்க வேண்டும் என்றும், அது தம்முடைய கவனக்குறைவு என்றும் அவரே சொன்னார். நான் முறையிட வாயைத் திறக்கும் முன்பே சொன்னார். அன்றே சரிசெய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை, போகவர வாடகை வண்டிக்கு நான் கொடுத்த 20 ரிங்கிட்டைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னார். கனமான பொருளை இரண்டு முறை தூக்கியது சிரமம்தான், அதை மறைக்கப்போவதில்லை. எனினும் தவறு எங்கே நேர்ந்தது என்று இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்ன பழுதுபார்ப்பவர் வேறு யாருமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழாய்த் தொலைக்காட்சியை வீட்டில் திறக்காதீர்கள். வண்ணத் திரைக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கிய பிறகுதான் அவரே கை வைக்கிறார்.

கூடத்துச் சீலிங் காற்றாடிக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. ஐந்தாம் எண்ணில் வைத்தாலும் இரண்டாம் எண்ணின் வேகத்தில் சுற்றியது. 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதிய கெப்பாசிட்டரை மீட்டரில் வைத்தால் 1.6 காட்டியது. அதை மாற்றினார், 15 ரிங்கிட், பத்து நிமிடம். காற்றாடி மெதுவானால் மோட்டார் போய்விட்டது என்று புதியது வாங்குபவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டார் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

ரைஸ் குக்கர் விஷயத்தில்தான் நான் உண்மையில் பயந்தேன். அது ஒரு முறை முன்பே கெட்டு, வேறோர் இடத்தில் கொடுத்துச் சரிசெய்து, ஓராண்டு பயன்படுத்தியது. சோறு அடிப்பிடிக்கத் தொடங்கியதால் இவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் பேசாமல் என்னை அருகில் அழைத்தார். உள்ளே, அளவு மீறிச் சூடானால் உருகி மின்சாரத்தை அறுக்க வேண்டிய வெப்ப பியூஸ் இருந்த இடத்தில், வெறும் செம்புக் கம்பித் துண்டு ஒன்றை முறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வருடமாக எந்தக் காவலுமில்லாத அடுப்பொன்றைப் பலகை மேசையில் வைத்து, அதை ஓடவிட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்த பியூஸின் விலை இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் இல்லை. அதை வாங்கிப் போடுவதற்கு ஒரு நாள் காத்திருக்கச் சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு காத்திருப்பேன். இந்தச் செயலை மன்னிக்க என்னால் முடியவில்லை. பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் எல்லாரும், பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தக் கடையில் கேட்க வேண்டியதேயில்லை. மாற்றிய ஒவ்வொன்றையும் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, எதற்குப் பதில் எது என்று எழுதிய சீட்டோடு கையில் கொடுக்கிறார்.

அடிப்பிடித்ததற்குக் காரணம் மிகச் சிறியது. இந்த எளிய வகைக் குக்கரில் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நடுவில் ஒரு காந்தப் பொத்தான் இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். 103 பாகையை ஒட்டி, அந்தப் பொத்தானில் உள்ள உலோகக் கலவை காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். விசை கீழே விழும். எங்கள் குக்கரில் பொத்தானைச் சுற்றி உலர்ந்த சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டு பாத்திரத்தை அரை மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்திருந்தன. சூடு சரியாகச் சேராததால் விசை தாமதமாக விழுந்தது. பருக்கையைச் சுரண்டி, வெப்ப பியூஸை முறையாக வைத்து, 12 ரிங்கிட் வாங்கினார். பாத்திரத்தை உள்ளே வைக்குமுன் அடியைத் துணியால் துடைத்து, வைத்த பிறகு இடமும் வலமுமாக ஒரு முறை திருகி உட்காரவைக்க வேண்டும் என்று அவர் சொன்னதை இப்போது நாள்தோறும் செய்கிறேன்.

செய்ய வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது மைக்ரோவேவ். கதவின் கொக்கி உடைந்து, உட்புறம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மின்பகுதியைச் சரிசெய்துவிடலாம், ஆனால் கதவு சரியாக மூடாத மைக்ரோவேவை வீட்டில் வைத்துக்கொள்ள நான் துணைபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பார்த்ததற்கு ஐந்து ரிங்கிட் மட்டும் வாங்கினார். அதே நாளில் இன்னொருவர், ஜப்பானியப் பழம்பொருள் கடையில் வாங்கிய அழகான மரப்பெட்டி ஒலிபெருக்கிக் கருவியை வீட்டில் செருகியவுடன் புகை வந்ததென்று கொண்டுவந்திருந்தார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நம் வீட்டில் வருவது 230. பின்புறத் தகட்டில் அந்த எண்ணைப் படிக்காமல் செருகியதன் விளைவு அது. டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டதால் அதற்கு ஈடானதைத் தேடச் சில மாதங்கள் ஆகும் என்றார். வாங்க நினைப்பவர்கள் முதலில் 100 வோல்ட்டுக்கு இறக்கிக்கொடுக்கும் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு கருவியை வாங்குவது நல்லது.

வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு பொருளோடும் அவர் சொல்லித் தருகிறார்; இதற்கு ஒதுக்கும் நேரத்துக்கு அவர் காசு வாங்குவதில்லை என்பதால், இதையும் கடையின் சேவையாகவே எண்ண வேண்டும். மலேசியா இடி மின்னல் மிக அதிகமாக விழும் நாடுகளில் ஒன்று. பிற்பகலில் மேகம் கறுத்தால் சுவிட்சை மூடுவது போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். ஆன்டெனாக் கம்பியையும் கழற்ற வேண்டும், ஏனெனில் மின்னலின் பாய்ச்சல் அந்த வழியாகவும் நுழைகிறது. பயன்படுத்தாமல் பூட்டி வைத்திருப்பதைவிட மாதம் ஒரு முறையாவது ஓடவிடுவது நல்லது. உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும், கேசட்டின் ரப்பர் உருளையும் ஒரே இடத்தில் அழுந்திக் குழிவிழாது. பேட்டரியை மட்டும், ஒரு வாரம் பயன்படுத்தமாட்டோம் என்றால்கூட எடுத்துவிட வேண்டும். பல்லியை அவர் பெரிய பகையாகவே கருதுகிறார். சூட்டைத் தேடி உள்ளே போகும் பல்லி மின்பாதையைத் தொட்டுத் தானும் கருகிப் பலகையையும் கெடுப்பதை வாரந்தோறும் பார்க்கிறாராம். காற்றுத் துளைகளை அடைத்தால் கருவி சூடாகிவிடும் என்பதால், கொசுவலைத் துணியை உள்பக்கமாக ஒட்டித் தருகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. தொலைபேசியை எடுப்பதே அரிது. சொன்ன நாளில் பொருள் தயாராக இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. திறன்பேசி, தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் திரை, பாட்டரி அடைத்து ஒட்டிய கருவிகள் எதையும் அவர் தொடுவதில்லை. ரசீது கேட்டால் கையால் எழுதித் தருவார், அட்டையில் பணம் கட்ட முடியாது. ஈயம் பற்றவைக்கும் புகை வெளியேற ஒரு சிறிய மேசைக் காற்றாடிதான் இருக்கிறது. நாள் முழுதும் அந்தப் புகையில் குனிந்திருக்கும் அவருடைய உடம்பை நினைத்து இதைச் சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து புகையிழுக்கும் விசிறி ஒன்றைச் சன்னலில் பொருத்தித் தருவதாகக் கேட்டிருக்கிறோம், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரிசெய்ய முடியாதவற்றை அவர் குப்பை வண்டியில் போடுவதில்லை. மின்கழிவை 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக, அதாவது சாதாரணக் குப்பையோடு சேர்க்கக்கூடாததாக, வகைப்படுத்தியிருக்கின்றன. சர்க்கியூட் பலகைகளையும் பழைய பேட்டரிகளையும் தனித்தனிப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவர்கள் வரும்போது கொடுக்கிறார். திரும்ப வந்த எங்கள் மைக்ரோவேவையும் கடைசியில் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிலிருந்து எடுத்த தட்டைச் சுற்றும் சிறு மோட்டார் இப்போது வேறு யாருடைய வீட்டிலோ சுற்றிக்கொண்டிருக்கும்.

கடை காலை பத்து மணிக்குத் திறந்து பிற்பகல் நான்கரைக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியோடு சரி, ஞாயிறு விடுமுறை. ரிமோட்டையும் மின்கம்பியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்; குறை எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கு வேலை எளிது. என் மாவரைக்கும் கிரைண்டர் கார்பன் பிரஷுக்காக மூன்று வாரமாக அங்கே காத்திருக்கிறது, அதுவரை ஆட்டுக்கல்லில்தான் அரைக்கிறோம்.

மேல் தட்டில், சரிசெய்து முடித்தும் யாரும் எடுத்துப் போகாத பொருள்கள் பதினேழு இருக்கின்றன. போன வாரம் நானே எண்ணினேன். அவர் அவற்றை விற்பதில்லை, பாகத்துக்காகப் பிரிப்பதுமில்லை. மாதத்துக்கொரு முறை ஒவ்வொன்றையும் இறக்கி ஓடவிட்டுப் பார்த்து மீண்டும் ஏற்றி வைக்கிறார். அவற்றில் 2021 என்று எழுதிய அட்டை கட்டிய பழுப்பு நிற வானொலி ஒன்றும், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய கேசட் கருவி ஒன்றும் உண்டு. சுங்கை சிப்புட்டில் அல்லது சுற்றியுள்ள தோட்டங்களில் யாராவது கொடுத்துவிட்டு மறந்திருந்தால், அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, போய்ப் பாருங்கள். அவருடைய புத்தகத்தில் எழுதியிருக்கும்.